ராட்டினமும் நாற்காலியும்

ஆக்லாந்தின் தெற்கே பாபகூராவிலிருந்து கிரேட் சவுத் ரோட்டைப் பிடித்து வடக்கே போனால், மனுகாவ் நகர மையத்தை ஒட்டி ரெயின்போஸ் எண்ட் வந்துவிடும். 1982-இல் திறந்தது. பரப்பு 23 ஏக்கர். நியூசிலாந்தில் தீம் பார்க் என்றால் முதலில் வாயில் வருகிற பெயர். தென் ஆக்லாந்துப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் கொண்டாட்டமும் இங்கேதான், பள்ளிக்கூட ஆண்டிறுதிச் சுற்றுலாவும் இங்கேதான். ஆளைப் பதினெட்டு மாடி உயரத்துக்குத் தூக்கிப் பொத்தென்று கீழே விடும் ஃபியர்ஃபால் கோபுரம், 2011-இல் வந்த ஸ்ட்ராட்டோஸ்ஃபியர் ராட்சத ஊசல், தண்டவாளமே முறுக்கிக்கொண்டு போய் ஆளைத் தலைகீழாக்கும் கார்க்ஸ்க்ரூ கோஸ்டர் எல்லாம் உண்டு. ஆனாலும் ஐம்பது லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் நாட்டில் ஒரு பெரிய பூங்காதான் தாங்கும். ராட்டினப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு உள்ளூரில் பேசச் சரக்கு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பேச்சு மூன்று மணி நேர விமானத் தூரத்திலுள்ள ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டுக்குத் தாவும், அங்கிருந்து ஒஹாயோவுக்கும் இங்கிலாந்துக்கும் போகும். நம்மவர் வீடாக இருந்தால் தாம்பரம், திருப்போரூர் வரை வரும்.

எங்கே சுற்றினாலும் அந்தப் பேச்சு இரண்டு இடத்தில் வந்து முட்டும். ரைடை யார், எப்படி வடிவமைத்தார்கள் என்பது ஒன்று. பூங்காவின் தலைமை நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது மற்றொன்று. முதல் விஷயத்தில் ரசிகர்கள் சொல்வதை நம்பிக் கேட்கலாம். இரண்டாவதில் அவர்கள் வைத்திருக்கும் உரைகல் சரியில்லை. இயந்திரத்துக்கு அவர்கள் நல்ல சாட்சிகள். முதலாளிக்கு அத்தனை நல்ல நீதிபதிகள் அல்ல. ஐம்பது ஆண்டு நடப்புகளை எடுத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்.

இவர்களைக் கூச்சல் போடும் கூட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்கன் கோஸ்டர் என்தூசியாஸ்ட்ஸ் என்ற சங்கம் 1978-இல் தொடங்கியபோது, இடிபட இருந்த பழைய மரக் கோஸ்டர்களைக் காப்பாற்றுவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்றாக இருந்தது. ஊருக்கு ஊர் நம் பழைய கோயில் மண்டபங்களுக்கு வாய்க்காத அக்கறை அது என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே போகலாம். எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் பையன் இருக்கிறான், பதினாறு வயது. கோஸ்டர் ஏற்றத்தில் கேட்கும் கடகட சத்தத்தைச் சங்கிலிச் சத்தம் என்று சொன்ன என்னை உடனே திருத்தினான். "அது செயின் இல்ல அங்கிள். ட்ரெயின் பின்னுக்குச் சறுக்காமப் பிடிக்கிற பல்லு விழுற சத்தம். அது கேட்டாத்தான் பயமில்ல." பெட்டிக்கு அடியில் தொங்கும் இரும்பு நாக்கு, தண்டவாளத்து நடுவிலுள்ள பற்களில் ஒவ்வொன்றாக விழுந்து ஏறுகிறது. சங்கிலி அறுந்தாலும் ட்ரெயின் அங்கேயே நிற்கும். சரியாகத்தான் சொன்னான்.

இந்தக் கூட்டம் கவனிப்பது இப்படிப்பட்டவற்றைத்தான். ஒரு ட்ரெயினில் எத்தனை இருக்கை, எத்தனை நொடிக்கு ஒருமுறை கிளம்புகிறது, எத்தனை ட்ரெயின் ஓடுகிறது. 24 பேர் ஏறும் ட்ரெயின் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பினால் மணிக்கு 720 பேர். இரண்டு ட்ரெயினில் ஒன்றை ஷெட்டில் நிறுத்திவிட்டு நாலு நிமிடத்துக்கு ஒன்று என்று ஆக்கினால் 360. வரிசை இரட்டிப்பாகிறது. அந்த ட்ரெயின் ஏன் ஷெட்டில் நிற்கிறது? ஆள் சம்பளம் மிச்சம் பிடிக்கவா, அதிலிருந்து பாகங்களைக் கழற்றி மற்றதில் மாட்டவா? எந்த அறிக்கையிலும் இதற்குப் பதில் வராது. ஆனால் மேலே யாரோ ஏதோ முடிவெடுத்திருக்கிறார் என்பதை, நடைமேடையில் நிற்கும் பதினாறு வயதுப் பையன் பங்குதாரருக்கு முன்னால் தெரிந்துகொள்கிறான்.

வடிவமைப்பில் அவர்கள் ரசனை விளம்பரத்தோடு ஒத்துப்போவதில்லை. விளம்பரம் உயரத்தையும் வேகத்தையும் சொல்லும். ரசிகன் கேட்பது விசை எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதை. இதன் கணிதம் அழகானது. வளையத்தைச் சுத்த வட்டமாகப் போட்டால், சமதளத்திலிருந்து வளைவுக்குள் நுழையும் அந்தக் கணமே முழு விசையும் கழுத்தில் இறங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் அப்படிக் கட்டிப் பார்த்தார்கள், கழுத்து வலிதான் மிச்சம். பல பத்தாண்டுகள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 1975-இல் கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் ஆரோ நிறுவனம் திருகாணி வடிவில் ஆளைப் புரட்டும் கார்க்ஸ்க்ரூவை ஓட்டிக் காட்டியது. மனுகாவில் நிற்பதும் அந்தக் குலத்தைச் சேர்ந்ததுதான். மறுவருடம் மேஜிக் மவுண்டன் பூங்காவின் ரெவல்யூஷன் கோஸ்டருக்கு அன்டன் ஷ்வார்ஸ்கோப்பும் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கலும் நீர்த்துளி வடிவ வளையம் போட்டார்கள். கீழே வேகம் மிகுந்த இடத்தில் வளைவு அகலம். மேலே வேகம் தணிந்த இடத்தில் வளைவு இறுக்கம். விசை ஒரே அடியாக இறங்காமல் ஏறி இறங்குகிறது. இன்றைக்குத் தலைகீழாகச் சுற்றும் எந்தக் கோஸ்டரைப் பார்த்தாலும் வளையம் முட்டை போல நீண்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

இதே ரசனைதான் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் 1994-இல் வந்த நெமசிஸைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடுகிறது. அங்கே மரங்களின் உச்சிக்கு மேல் எதுவும் எழும்பக் கூடாது என்று கட்டுப்பாடு. வடிவமைப்பாளர் ஜான் வார்ட்லி பாறையை வெடிவைத்துப் பள்ளம் தோண்டி, அதற்குள் தண்டவாளத்தைச் சுருட்டி இறக்கினார். கால் தொங்க உட்கார்ந்திருப்பவனுக்குப் பாறை முழங்காலை உரசப்போவது போல இருக்கும். உயரம் குறைவு, உலக சாதனை ஏதும் இல்லை. முப்பது வருடம் கழித்து, தேய்ந்த தண்டவாளத்தைப் பெருமளவு மாற்றி 2024-இல் மறுபடி ஓட்டினார்கள் என்றால் அந்த வடிவத்தின் மதிப்பு தெரியும். வார்ட்லி சினிமாவில் சிறப்புக் காட்சிகளுக்கு வேலை செய்தவர். எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று தெரிந்தவர்.

அதே ஆல்டன் டவர்ஸில் 2013-இல் ஸ்மைலர் வந்தது, 14 முறை தலைகீழாகச் சுற்றும் உலக சாதனையோடு. 2015 ஜூன் 2-ஆம் தேதி ஆளில்லாத சோதனை ட்ரெயின் ஒன்று நடுவழியில் நின்றுபோனது. கோஸ்டர் தண்டவாளம் ரயில்பாதை போலவே பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரு ட்ரெயின் நின்றால் பின்னால் வருவதைக் கணினி தானாகவே நிறுத்திவிடும். அன்றைக்கும் நிறுத்தியது. கணினிதான் தப்பாகச் சொல்கிறது என்று நினைத்த பொறியாளர்கள் அதை மீறிப் பொத்தானை அழுத்தினார்கள். ஆட்களோடு போன ட்ரெயின் போய் மோதியது. 16 பேருக்குக் காயம், இரண்டு இளம்பெண்களுக்குக் கால் போனது. தண்டவாளத்திலோ பெட்டியிலோ கணினியிலோ குறையில்லை என்று விசாரணை சொன்னது. குறை வேலைமுறையில். 2016 செப்டம்பரில் ஆல்டன் டவர்ஸை நடத்தும் மெர்லின் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம். வடிவமைப்பு எங்கே முடிகிறது, நிர்வாகம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல வழக்கு கிடைக்காது.

இனி நாற்காலி. ரசிகர்களின் தலைமைக் கோட்பாட்டைச் சுருக்கிச் சொன்னால், ரைடு பிடித்தவன் நல்லவன், கல்லாப்பெட்டிக்காரன் கெட்டவன். கூடவே இன்னொன்று: குடும்பத்தார் நடத்தும் பூங்கா நல்லது, பங்குச் சந்தைக்குப் போனது கெட்டது. இதற்கு அவர்கள் அடுக்கும் சாட்சியங்கள் லேசானவை அல்ல. டிஸ்னியின் பொம்மை, துணிமணிக் கடைகளை நடத்தி வந்த பால் பிரெஸ்லர் 1990-களில் டிஸ்னிலாண்ட் தலைமைக்கு வந்தபோது பராமரிப்பு வேலைமுறைகள் மாற்றப்பட்டன, செலவு குறைந்தது. பூச்சு உதிர்வதையும் விளக்கு எரியாததையும் ரசிகர்கள் எழுதி எழுதி அலுத்தார்கள். அவர் வேலை மாறிப் போன பிறகு, 2003 செப்டம்பரில் அங்கே பிக் தண்டர் மவுண்டன் கோஸ்டர் தடம் புரண்டு 22 வயது இளைஞர் இறந்தார். பராமரிப்பு சரியாகச் செய்யப்படவில்லை என்றது மாநில விசாரணை. அதே ஆண்டில் நிறுவனர் குடும்பத்து ராய் டிஸ்னி இயக்குநர் குழுவிலிருந்து விலகிப் போர்க்கொடி தூக்க, 2004 மார்ச் பொதுக்குழுவில் தலைவர் மைக்கேல் ஐஸ்னருக்கு 43 சதவீத வாக்குகள் மறுக்கப்பட்டன. ரசிகர்களின் முணுமுணுப்பு பங்குதாரர் வாக்கானது அபூர்வம், அது நடந்தது அன்று.

சிக்ஸ் ஃப்ளாக்ஸ் நிறுவனத்துக்கு 2021-இல் தலைவரான செலிம் பசூல் ஓட்டல் சமையலறைச் சாதனங்கள் செய்யும் நிறுவனத்திலிருந்து வந்தவர். டிக்கெட் விலையை ஏற்றி, விடலைப் பசங்க கூட்டத்தைக் குறைத்து, 'தரமான' வாடிக்கையாளரைப் பிடிக்கலாம் என்பது அவர் திட்டம். 2021-இல் 2 கோடியே 77 லட்சம் பேர் வந்த பூங்காக்களுக்கு 2022-இல் வந்தவர்கள் 2 கோடியே 4 லட்சம். ஒரே வருடத்தில் எழுபது லட்சத்துக்கு மேல் காணாமல் போனார்கள். ரசிகர்கள் 'அப்பவே சொன்னோம்' என்றார்கள். சொல்லத்தான் செய்தார்கள்.

ஆனால் அதே சிக்ஸ் ஃப்ளாக்ஸின் பழைய கணக்கையும் புரட்ட வேண்டும். 1990-களின் கடைசியிலும் 2000-த்தின் தொடக்கத்திலும் அந்த நிறுவனம் ரசிகர்கள் கேட்டதையெல்லாம் கட்டிக் கொடுத்தது. ஒஹாயோவின் ஜியாகா லேக் பூங்காவில் 2000-ஆம் ஆண்டு ஒரே சீசனில் கோஸ்டர் மேல் கோஸ்டராக இறக்கினார்கள். எல்லாம் கடன். 2004-இல் அந்தப் பூங்காவை விற்றார்கள். வாங்கிய நிறுவனம் 2007-இல் அதன் ரைடுகளை மூடியது. 2009-இல் சிக்ஸ் ஃப்ளாக்ஸே சுமார் 240 கோடி டாலர் கடனோடு திவால் மனு போட்டது. அந்த நாட்களில் ரசிகர்கள் தலைமையை ஏசியதைவிடக் கைதட்டியதே அதிகம். கல்லாப்பெட்டியைப் பார்க்காதவனும் பூங்காவை மூடவைப்பான் என்ற பாடம் அவர்கள் பேச்சில் அதிகம் வருவதில்லை.

இன்னும் கசப்பான சாட்சி கான்சாஸ் நகரத்து ஷ்லிட்டர்பான். குடும்பத்தார் நடத்திய நீர்ப் பூங்கா. முதலாளிகளில் ஒருவரான ஜெஃப் ஹென்றி தானே சறுக்குகளைக் கற்பனை செய்து கட்டுகிறவர், ரைடு என்றால் உயிர். ரசிகர்களின் கோட்பாட்டுப்படி இதைவிட இலட்சிய முதலாளி கிடையாது. 2014-இல் அவர் திறந்த வெர்ருக்ட், 168 அடிக்கு மேல் உயரம், உலகிலேயே உயர்ந்த நீர்ச்சறுக்கு. ஹென்றிக்குப் பொறியியல் படிப்பு கிடையாது. செய்து பார்ப்பது, படகு பறந்து விழுவதைப் பார்த்து மாற்றுவது, மறுபடி செய்வது என்றுதான் அது உருவானது. 2016 ஆகஸ்டில் படகு மேலெழும்பிப் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அவர் மீதான குற்றச்சாட்டுகளை 2019-இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சறுக்கு அதற்கு முன்பே இடிக்கப்பட்டது.

2016 இந்தத் தொழிலுக்கே சனி பிடித்த வருடம். சென்னையில், அந்த மே மாதம் தாம்பரம் பக்கத்துக் கிஷ்கிந்தாவில் புது ராட்டினத்தைச் சோதித்துப் பார்க்கையில் ஊழியர் ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். கோல்ட் கோஸ்ட்டில் அக்டோபர் 25-ஆம் தேதி ட்ரீம்வோர்ல்ட் பூங்காவின் தண்டர் ரிவர் ராப்பிட்ஸ் படகு ரைடில் நாலு பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் நியூசிலாந்தில் பிறந்தவர். ஆக்லாந்தில் அன்றைக்கு இதைத் தவிர வேறு பேச்சில்லை. பள்ளி விடுமுறைக்கு கோல்ட் கோஸ்ட் போவது இங்கே நடுத்தரக் குடும்பங்களின் வழக்கம். நம்மவர்கள் உட்பட எத்தனையோ வீடுகளில் அந்த வட்டப் படகில் எடுத்த போட்டோ இருந்தது.

அந்த ரைடைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 1986-இல் வந்தது. செயற்கை ஆற்றில் ஆறு பேர் உட்காரும் வட்டப் படகு மிதந்து வந்து, கடைசியில் மரப் பலகைகள் பூட்டிய கன்வேயரில் ஏறி இறங்குமிடத்துக்கு வரும். தண்ணீரைத் தள்ளுவது இரண்டு பெரிய பம்புகள். ஒன்று நின்றால் சில நொடிகளில் நீர்மட்டம் இறங்கிப் படகு அடியிலுள்ள இரும்புச் சட்டத்தில் தட்டி நிற்கும். அன்றைக்கு ஒரு பம்பு அதற்கு முன்பே இரண்டு தடவை நின்றிருந்தது. மூன்றாவது தடவை நின்றபோது ஒரு படகு சட்டத்தில் மாட்டிக்கொண்டது. கன்வேயர் நிற்கவில்லை, பின்னால் வந்த படகை அதன்மேல் கொண்டுபோய் மோதியது. நீர்மட்டம் இறங்கினால் தானாக எல்லாவற்றையும் நிறுத்தும் கருவி அங்கே இல்லை. சுவரில் படிந்திருந்த அழுக்குக் கோட்டைப் பார்த்துத்தான் ஊழியர்கள் மட்டத்தைக் கணித்தார்கள். கன்வேயரைச் சட்டென்று நிறுத்தும் பொத்தான் ஒன்று இருந்தது, ஆனால் அதன்மேல் இன்னதென்று எழுதியிருக்கவில்லை. அதன் பக்கத்தில் நின்ற இளம் ஊழியருக்கு அந்த வேலையில் அன்றுதான் முதல் நாள். கன்வேயர் பலகைகளில் சில பல வருடங்களுக்கு முன்பே கழற்றப்பட்டிருந்தன. 2001-லும் 2014-லும் அதே ரைடில் படகுகள் மோதியிருந்தன. முப்பது ஆண்டுகளில் தகுதியுள்ள பொறியாளர் ஒருவர் அந்த ரைடை முழுமையாக ஆராய்ந்து ஆபத்துகளைக் கணக்கிட்டதே இல்லை என்று 2020 பிப்ரவரியில் மரண விசாரணை நீதிபதி எழுதினார்.

ரசிகர்களின் கோபம் அப்போதைய தலைவர் டெபோரா தாமஸ் மீது பாய்ந்தது. அவர் பத்திரிகை உலகத்திலிருந்து வந்தவர், 'ஆஸ்திரேலியன் உமன்ஸ் வீக்லி' ஆசிரியராக இருந்தவர். விபத்து நடந்து இரண்டாம் நாள் நடந்த பொதுக்குழுவில் அவருக்கு 1,67,500 டாலர் போனஸ் என்ற விஷயம் வெளியே வர, ஊரே கொதித்தது. அவர் அதைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுப்பதாகச் சொன்னார். கோபம் நியாயமானது. ஆனால் பத்திரிகை ஆசிரியரை உட்கார வைத்ததால்தான் இது நடந்தது என்ற முடிவு எனக்கு உதைக்கிறது. அவர் வந்தது 2015-இல். பலகை கழன்றதும் 2001 மோதலும் அதற்கு முன். பெயரெழுதாத பொத்தானைத் தாண்டித் தலைவர் மேல் தலைவராகப் பலர் போயிருக்கிறார்கள். பூங்காவின் தாய்நிறுவனமான ஆர்டென்ட் லெஷர் அப்போது அமெரிக்காவின் மெயின் ஈவென்ட் விளையாட்டு மையங்களில்தான் பணத்தையும் கவனத்தையும் கொட்டிக்கொண்டிருந்தது. பம்பு நிற்கிறது என்ற சேதி பூங்காவின் பராமரிப்புப் பிரிவைத் தாண்டி மேலே போகச் சரியான வழி இல்லை. அந்த வழியை அடைத்தது ஒருவரின் பழைய உத்தியோகம் அல்ல. 2020 செப்டம்பரில் நிறுவனத்துக்கு 36 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. அதற்கு முன்பே, 2017-இல், குவீன்ஸ்லாந்து அரசு வேலையிட உயிர்ப்பலிக்கு நிறுவனத்தையும் உயர் அதிகாரிகளையும் கொலைக் குற்றத்துக்கு நெருக்கமாகத் தண்டிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டு அனுபவத்தை வைத்துப் பார்த்தால் முன்னாள் உத்தியோகக் கோட்பாடு இன்னும் பல்லிளிக்கும். வீட்டுச் சாமான்களைத் தவணையில் விற்றுப் பெயர் வாங்கிய வி.ஜி.பன்னீர்தாஸ் குடும்பம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோல்டன் பீச்சை உருவாக்கியது. அங்கே அசையாமல் நிற்கும் சிலை மனிதனைச் சிரிக்கவைக்க முயன்று தோற்காத சென்னைக் குழந்தை உண்டா? 1995-இல் கிஷ்கிந்தாவைத் தொடங்கிய நவோதயா அப்பச்சன் சினிமாக்காரர், இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னைத் தயாரித்தவர். சுழலும் அறைக்குள் பிள்ளைகளைச் சுவரில் நடக்கவைத்த அந்தப் படத்தின் ஆள் ராட்டினப் பூங்கா கட்டியதில் ஆச்சரியமில்லை. வோல்டேஜ் ஸ்டெபிலைசர் விற்ற கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000-இல் கொச்சிக்கருகே வீகாலாண்டைத் திறந்தார். அதுதான் இன்றைய வொண்டர்லா. பெங்களூரு, ஹைதராபாத், புவனேசுவரம் என்று வளர்ந்து, 2014-இல் பங்குச் சந்தைக்கும் போனது. ஸ்டெபிலைசர்காரரின் பூங்காதான் இந்திய ரசிகர்களின் செல்லப் பிள்ளை. காரணம் அவர் பழைய தொழில் இல்லை. பல ரைடுகளைத் தாங்களே செய்யும் பட்டறை கொச்சியில் இருக்கிறது. நட்டு கழன்றால் செய்தவனே வந்து பார்ப்பான்.

சென்னை வொண்டர்லாவுக்கு ரசிகர்கள் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். நிலம் வாங்கியாயிற்று, டிக்கெட்டுக்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி 10 சதவீதம் என்றதும் நிறுவனம் வேலையை நிறுத்தியது. அரசு வரி விலக்கு தந்த பிறகே கட்டத் தொடங்கினார்கள். 611 கோடி ரூபாய்ச் செலவில் 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்தது. தஞ்சாவூரை நினைவூட்டும் 'டஞ்சோரா' என்ற பெயரில் அங்கே ஓடுவது, நெமசிஸைச் செய்த அதே சுவிட்சர்லாந்துக்காரர்களான பொலிகர் அண்டு மாபில்லாரின் தொங்கும் கோஸ்டர். இந்தியாவில் அவர்களுடைய முதல் கோஸ்டர் இது. பாபகூராவிலிருந்து ஊருக்குப் போகிற குடும்பங்களின் பட்டியலில் மகாபலிபுரத்துக்கு முன்னால் இது ஏறிவிட்டது.

புகழ்ச்சியோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2002-இல் வீகாலாண்டில் விழுந்து உடல் செயலிழந்த இளைஞர் ஒருவரின் நஷ்டஈட்டு வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. கேரள உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் மனப்போக்கைக் கடுமையாகவே கண்டித்தது. நியூசிலாந்தில் அந்த இளைஞர் வழக்குப் போட்டிருக்கவே முடியாது, போடவும் தேவைப்பட்டிருக்காது. 1974 முதல் இங்கே விபத்துக் காயம் எதுவானாலும், யார் தப்பு என்று கேட்காமல் ஏ.சி.சி. என்ற அரசு விபத்துக் காப்பீட்டு அமைப்பு மருத்துவச் செலவையும் சம்பள இழப்பின் பெரும்பகுதியையும் தருகிறது. பதிலுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமையைச் சட்டம் எடுத்துவிட்டது. அடிபட்டவனுக்கு இது வரம். தலைமைக்கு? அமெரிக்காவில் பூங்கா முதலாளியின் தூக்கத்தைக் கெடுப்பது வக்கீல் நோட்டீஸ். இங்கே அந்தப் பயம் கிடையாது.

அந்த இடத்தை நிரப்ப வந்தது வேறொன்று. 2010 நவம்பரில் இங்குள்ள பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கத்தில் 29 பேர் இறந்தார்கள். அதன் பின்விளைவாக வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இயக்குநர்களும் தலைமை அதிகாரியும் ஆபத்துகளைத் தாங்களே அறிந்துகொள்ளவும், தடுக்கும் ஏற்பாடு நடக்கிறதா என்று சரிபார்க்கவும் தனிப்பட்ட கடமை உள்ளவர்கள் என்கிறது அது. எனக்குத் தெரியாது, கீழே உள்ளவர்கள் சொல்லவில்லை என்பது சாக்கு ஆகாது. உயிராபத்து தெரிந்தும் துணிந்து அலட்சியமாக இருந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஆறு லட்சம் டாலர் வரை அபராதம். ஏட்டுச் சட்டம் என்று நினைத்தவர்களுக்கு, 2024 நவம்பரில் ஆக்லாந்துத் துறைமுகத்தின் முன்னாள் தலைவர் டோனி கிப்சனை மாவட்ட நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்தபோது உறைத்தது. இரவு வேலையில் ஒரு தொழிலாளி கன்டெய்னர் விழுந்து இறந்த வழக்கு. துறைமுகத்துக்கும் ராட்டினத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், கடமை ஒன்றுதான். ரைடு நடத்துகிறவர்களுக்கு இதோடு 1978-ஆம் ஆண்டின் தனி விதிகளும் உண்டு. ஒவ்வொரு ரைடுக்கும் பதிவுச் சான்று வேண்டும், உள்ளூர் சபையின் அனுமதியும் வேண்டும்.

ரெயின்போஸ் எண்ட் யார் கையில் என்பது ரசிகர்களின் குடும்பமா, பங்குச் சந்தையா என்ற பிரிவினையில் அடங்காத கதை. ஒரு காலத்தில் அதன் உரிமை நிறுவனம் நியூசிலாந்துப் பங்குச் சந்தையில் இருந்தது. 2010-களில் அது வெலிங்டனைச் சேர்ந்த ரங்கதிரா என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1937-இல் ஜே.ஆர்.மெக்கென்சி என்ற கடைத்தொழில் அதிபர் தொடங்கிய ரங்கதிராவின் பங்குகளில் பாதிக்கு மேல் அறக்கட்டளைகளுடையவை. ராட்டினத்தில் கத்தியவர்களின் காசில் ஒரு பங்கு சமூகப் பணிக்குப் போயிற்று. உள்ளூர் ரசிகர்கள் 'புதுக் கோஸ்டர் எப்போது' என்று கேட்பார்களே தவிர, இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. பெரிய கோஸ்டர் ஒன்றுக்கு ஆகும் கோடிகளை, சனி ஞாயிறு மழை பெய்தால் காற்றாடும் 23 ஏக்கரில் எத்தனை வருடத்தில் திருப்பி எடுப்பது என்ற கணக்கை எந்த உரிமையாளரும் போட்டாக வேண்டும்.

ரெயின்போஸ் எண்ட் பங்குச் சந்தையிலிருந்து வெளியேறியதில் ரசிகனுக்கு ஒரு நஷ்டம் உண்டு. பட்டியலிட்ட நிறுவனத்தின் ஆண்டறிக்கையை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். ட்ரீம்வோர்ல்டின் தாய்நிறுவனம், இப்போது கோஸ்ட் என்டர்டெயின்மென்ட் என்ற பெயரில், ஆஸ்திரேலியச் சந்தையில் இருக்கிறது. வொண்டர்லா மும்பைச் சந்தையில் இருக்கிறது. இரண்டின் கணக்கிலும் பழுதுபார்ப்புச் செலவு வருடா வருடம் ஏறுகிறதா இறங்குகிறதா, வருமானத்தில் எத்தனை பங்கு, புதுச் சென்னைப் பூங்கா பழசாக ஆக அந்த எண் என்ன ஆகிறது என்று தேடிப் பார்ப்பவனுக்கு விஷயம் கிடைக்கும். தலைவர் முன்பு எந்தக் கடையில் வேலை பார்த்தார் என்பதைவிட இது உருப்படியான விசாரணை. நடைமேடையில் நொடி எண்ணும் பையனிடம் இதைச் சொன்னேன். "அக்கவுண்ட்ஸ் எல்லாம் யார் பாக்கிறது அங்கிள்" என்றான். அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் அக்கவுண்டிங் எடுக்கச் சொல்லி அவன் அம்மா ஏற்கெனவே நச்சரித்துக்கொண்டிருக்கிறாராம்.